பழைய செயின் வண்டி வாங்குமுன் எதைத் திறந்து பார்க்க வேண்டும்

யார்டில் நிற்கும், செயினில் ஓடும் பழைய பொக்லைனில் முதலில் கண்ணில் படுவது பெயிண்ட். அடுத்து கேபினுக்குள் ஏறியதும் ஹவர் மீட்டர். பெரும்பாலான பேரம் இந்த இரண்டை வைத்தே முடிந்துவிடுகிறது. வண்டியில் மிகக் குறைந்த செலவில் மாற்றிவிடக்கூடியவையும் இந்த இரண்டுதான். உண்மையான வயது செயினிலும், ஆயிலிலும், ஃபில்டருக்குள்ளும் இருக்கிறது. அதைப் பார்க்க அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாளைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

கரூர், நாமக்கல், கிருஷ்ணகிரி, செங்கல்பட்டு என்று குவாரி ஓடும் பக்கமெல்லாம் 20 டன் வண்டிக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. பல வருடம் ஆபரேட்டராக உழைத்து, வீட்டு நகையை வைத்து, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு முதல் வண்டி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஒரு ஹைட்ராலிக் பம்பு போனால் அவர்களுக்கு ஆறு மாத வருமானம் போய்விடும். இந்தப் பதிவு அவர்களுக்காக.

பழைய வண்டி மூன்று வழியில் வருகிறது. புது வண்டி விற்கும் டீலரே எக்ஸ்சேஞ்சில் எடுத்து விற்பது ஒன்று. விலை கூடுதல், ஆனால் சர்வீஸ் ரெக்கார்டு இருக்கும். இரண்டாவது ஃபைனான்ஸ் கம்பெனியின் சீசிங் யார்டு. இங்கே "இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில்" என்ற ஒப்பந்தம்தான். பல யார்டுகளில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே விடமாட்டார்கள். தவணை கட்ட முடியாமல் போன வண்டியில் கடைசி ஆறு மாதம் ஆயில் மாற்றியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பிடிபடும் முன் நல்ல பம்பைக் கழற்றிவிட்டு ஓட்டை பம்பை மாட்டி வைப்பதும் நடக்கிறது. எனவே இன்ஜின், பம்பு, மேல் பாகத்தைச் சுழற்றும் ஸ்விங் மோட்டார், செயினை ஓட்டும் டிராவல் மோட்டார் எல்லாவற்றின் தகட்டு எண்ணையும் போட்டோ எடுத்து, அந்த வண்டிக்கு ஃபேக்டரியில் பொருத்தியவைதானா என்று டீலரிடம் கேட்டுவிட வேண்டும். மூன்றாவது வழி புரோக்கர். நல்ல புரோக்கர் கமிஷனை வாங்கிக்கொண்டு வண்டியின் பழைய ஓனர் நம்பரைத் தருவார். தராதவரிடம் வண்டி பார்க்கப் போவதே வீண்.

ஹவர் மீட்டரை நம்ப வேண்டாம் என்றால் எதை நம்புவது? கொமாட்சுவில் கொம்ட்ராக்ஸ், ஹூண்டாயில் ஹை-மேட், வால்வோவில் கேர்டிராக், ஜே.சி.பி.யில் லைவ்லிங்க் என்று வண்டி தானே தகவல் அனுப்பும் வசதி இருக்கிறது. வண்டியின் சீரியல் நம்பரோடு, இப்போதைய ஓனரையும் அழைத்துக்கொண்டு டீலரின் சர்வீஸ் பிரிவுக்குப் போனால், கடைசியாகப் பதிவான மணிநேரத்தையும் எப்போது எந்த சர்வீஸ் நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம். ஓனர் வர மறுத்தால் அதுவே பதில். இந்த வசதி இல்லாத பழைய மாடலில் ஜாய்ஸ்டிக் ரப்பர், டிராவல் பெடல், ஏறும் படி, சீட்டுக்குக் கீழே உள்ள ஸ்லைடு ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். மீட்டர் 6,000 காட்டும் வண்டியில் பெடலின் இரும்பு பளபளவென்று தேய்ந்து கிடந்தால் கணக்கு இடிக்கிறது.

வண்டி பார்க்கப் போகும் நாளில் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் பிளாக்கில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ போயிருக்கலாம். ஸ்டார்ட் ஆனபின் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் வாயில் தலைகீழாக வைத்தால், நல்ல இன்ஜினில் அது லேசாக ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புகை குபுகுபுவென்று தள்ளி மூடி துள்ளி விழுந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. சைலன்சரில் லோடு கொடுக்கும்போது கொஞ்சம் கறுப்புப் புகை வரலாம். சூடான பிறகும் நீலப் புகை நின்று வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

அடுத்தது ஹைட்ராலிக், அதாவது பம்பு தள்ளும் ஆயிலின் அழுத்தத்தால் வண்டியை அசைக்கும் பகுதி. இதை வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும். தேய்ந்த பம்புக்குள் இருக்கும் இடைவெளி வழியாக அது அதிகம் கசியாது. அதனால் பம்பு தேய்ந்த வண்டியும் காலையில் நன்றாக வேலை செய்வதுபோல் தெரியும். முக்கால் மணி நேரம் மண்ணைத் தோண்டவிட்டு, ஆயில் குறைந்தது 50 டிகிரிக்கு வந்தபின் அளந்ததை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செல்போனில் ஸ்டாப் வாட்ச் போதும். முழு த்ராட்டிலில் பக்கெட் காலியாக, பூம் (வண்டியின் பெரிய கை) தரையிலிருந்து உச்சி வரை மூன்று முதல் நான்கு வினாடிக்குள் ஏற வேண்டும். ஸ்விங், ஒரு சுற்று வேகம் பிடிக்க விட்டபின், ஐந்து சுற்றுக்கு 25 வினாடி சுமார். இதே அளவைக் குளிர்ந்தபோதும் சூடானபோதும் எடுத்து எழுதி வையுங்கள். நான்கு வினாடியில் ஏறிய பூம் சூடானபின் ஆறு வினாடி எடுத்தால் பம்பு உள்ளுக்குள் கசிகிறது. பூமில் மட்டும் மந்தம், மற்றதெல்லாம் சரி என்றால் குறை பம்பில் இல்லை, அந்தப் பகுதிக்கு ஆயிலைத் திருப்பிவிடும் வால்வின் ஸ்பூலிலோ சிலிண்டர் சீலிலோ இருக்கிறது.

சிலர் பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டி, "பாருங்கண்ணே, முந்நூத்தம்பது பார் அப்படியே நிக்குது" என்பார்கள். 20 டன் வண்டியில், அழுத்தம் அளவு மீறாமல் திறந்துவிடும் மெயின் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் 340, 350 பார் (அழுத்த அளவு) பக்கம்தான் செட் செய்யப்பட்டிருக்கும். கேஜ் அதைத்தான் காட்டும். பம்பு தேயும்போது குறைவது ஆயில் அளவு, அதாவது வேகம். ஓரளவு தேய்ந்த பம்புகூட லீவரை முட்டவைத்துப் பிடித்தால் பிரஷரைக் கட்டிவிடும். கேஜ் ரீடிங்கோடு வினாடிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் பம்பின் நிலை புரியும்.

சமதளத்தில் 20 மீட்டர் நேராக ஓட்டச் சொல்லுங்கள். லீவரைத் தொட்டுத் திருத்தாமல் ஓட்டும்போது ஒரு பக்கம் 200 மி.மீ.க்கு மேல் இழுத்தால் அந்தப் பக்கத்து டிராவல் மோட்டாரையோ, பம்பின் ஒரு பாதியையோ, மேல் பாகத்திலிருந்து கீழே ஆயிலைக் கடத்தும் சென்டர் ஜாயின்ட்டையோ சந்தேகிக்க வேண்டும். செயினைச் சுழற்றும் கியர் பெட்டியான ஃபைனல் டிரைவின் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஜிகினா போல் மின்னினால் கியர் தேய்கிறது. அளவு இருக்க வேண்டியதைவிடக் கூடி, பிளக்கைத் திறந்ததும் பீறிட்டால் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் போய் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது. ஸ்விங் கியர் பாக்ஸுக்கும் இதே சோதனை பொருந்தும். டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறைய இருப்பதைப் பார்த்து விற்பவர் பெருமைப்பட்டால் ஏமாறாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. ஹைட்ராலிக் டேங்கின் மேல் மூடியைத் திறந்தால், டேங்குக்குத் திரும்பி வரும் ஆயிலை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டர் வரும். புது எலிமென்ட் ஒன்றை உங்கள் காசில் வாங்கிக்கொண்டு போங்கள். மறுக்க விற்பவருக்குக் காரணம் இருக்காது. திறக்குமுன் டேங்கின் காற்றழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும். பழையதை எடுத்து ஹாக்சா பிளேடால் இரு முனையும் அறுத்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்து வையுங்கள். தாள் ஒரே சீரான கருமையாக இருந்தால் பரவாயில்லை. மடிப்பின் அடியில் பொன்னிறத்தில் மெல்லிய செதில்கள் ஒட்டியிருந்தால், அவை பம்பின் பிஸ்டன் ஷூவிலிருந்தும் வால்வு பிளேட் பக்கத்திலிருந்தும் வரும் பித்தளை, வெண்கலத் துகள்கள். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் நகராது. காந்தத்தில் எழும்பி ஒட்டுகிற ஊசி போன்ற கறுப்புத் துகள் எஃகு. பேரிங் அல்லது சிலிண்டர் பிளாக்கைச் சேர்ந்தது. கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் சிலிண்டர் சீல் சிதைகிறது. அது ஒப்பீட்டில் சிறிய செலவு. பொன்னிறச் செதிலை நகத்தால் சுரண்டி எடுக்க முடிகிற அளவுக்கு இருந்தால் அந்தப் பம்புக்கு ஆயுள் அதிகமில்லை. விலையைக் குறைக்காமல் வாங்கவே கூடாது. ஃபில்டரை அறுக்கவே விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் அடுத்த பேச்சு தேவையில்லை.

முந்தின வாரம்தான் ஃபில்டர் மாற்றியது போல் பளிச்சென்று இருந்தால், லீவர் கட்டுப்பாட்டு லைனில் உள்ள பைலட் ஃபில்டரையும் பாருங்கள். சின்னது, இடுக்கில் இருப்பது, அவசரத்தில் மாற்ற மறந்துவிடுவார்கள்.

கீழே குனிந்தால் செயினும் ரோலரும் அடங்கிய அண்டர் கேரேஜ். செயின் வண்டியில் பெரிய பணம் தேய்வது இங்கேதான். செயினை அளக்க, அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல்லுக்கும் லிங்க்குக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையோ பழைய பின்னோ கொடுத்து லேசாக ரிவர்ஸ் எடுத்தால் மேல் செயின் விறைப்பாக நிற்கும். செயினின் இரு முனையையும் இணைக்கும் மாஸ்டர் பின் வராத இடத்தில், ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவது பின்னின் நடு வரை, அதாவது நான்கு லிங்க், டேப் வைத்து அளக்க வேண்டும். 190 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த இரு பின்களின் இடைவெளி) உள்ள செயினில் புதிதில் 760 மி.மீ. இருக்கும். லிங்க்குக்கு 3 மி.மீ. கூடினால், அதாவது 772 தொட்டால், செயின் முடிந்தது. மாடலுக்கு மாடல் பிட்ச் மாறும், அளக்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

செயின் நீண்டபின் அது ஸ்பிராக்கெட் பல்லில் சரியாக உட்காராது, பல்லின் ஒரு பக்கத்தைத் தின்று கூராக்கிவிடும். கூரான ஸ்பிராக்கெட்டை வைத்துக்கொண்டு புது செயின் மட்டும் போட்டால் புது செயினும் சீக்கிரமே நீண்டுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், கணக்கிலும் சேர்த்தே போட வேண்டும். கீழ் ரோலர்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவுங்கள். வண்டி ஓடி நின்றபின் ஒரு ரோலர் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் ஆயில் இறங்கிவிட்டது. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த மேல் ரோலர் சுற்றாமல் பல நாள் இழுபட்டிருக்கிறது.

பூம், அதன் முனையில் சேரும் ஆர்ம் பக்கம் புது பெயிண்ட் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நின்று பாருங்கள். வெடிப்பை வெல்டு அடித்து மேலே பூசியிருக்கலாம். பூமின் அடியில் உள்ள பின்னைச் சுற்றியும், பூமும் ஆர்மும் சேரும் இடத்திலும், ஆர்மின் அடித்தகட்டிலும்தான் வெடிப்பு அதிகம் வரும். வெல்டிங் கடைகளில் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே மூன்று டப்பா செட்டாகக் கிடைக்கும். பெயிண்டை வயர் பிரஷால் எடுத்து, துடைத்து, சிவப்பு ஸ்ப்ரே அடித்துப் பத்து நிமிடம் விட்டு, கிளீனர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடித்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து எழும். சின்னச் செலவில் பெரிய உண்மை தெரியும். தகடு வைத்து மூடிய வெல்டு எல்லாமே கெட்டதில்லை. வெடிப்பின் முனையில் துளை போட்டு, முழுதாகக் குடைந்து, சூடேற்றி அடித்த வெல்டு வருடக்கணக்கில் நிற்கும். மேலோட்டமாகத் தகடு ஒட்டியது அதே தகட்டின் ஓரத்தில் மறுபடி வெடிக்கும்.

பக்கெட்டைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்தித் தளர்த்தும்போது, ஒவ்வொரு பின்னிலும் எவ்வளவு ஆட்டம் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பின்னும் புஷ்ஷும் மாற்றுவது எளிது. புஷ் உட்காரும் ஓட்டையே நீள்வட்டமாகிவிட்டால் வெல்டு நிரப்பி, மறுபடி வட்டமாகக் குடையும் லைன் போரிங் போட வேண்டும். அது தனிச் செலவு. மேல் பாகம் சுழலும் ஸ்லூ பேரிங்கின் ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது ஒரு ரீடிங், பக்கெட்டை ஊன்றி முன் பக்கத்தைத் தூக்கி ஒரு ரீடிங். கொமாட்சு பி.சி.200 வகையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புதிதில் 0.5 முதல் 1.6 மி.மீ. வரை இருக்கும், 3.2 தாண்டினால் மாற்ற வேண்டிய நிலை. பேரிங் விலையோடு மேல் பாகம் முழுவதையும் கிரேன் வைத்துத் தூக்கும் செலவும் சேரும் என்பதால் இதைத் தவற விடக்கூடாது.

குவாரிப் பகுதியில் இன்னொரு கேள்வி: வண்டி பிரேக்கர் (பாறை உடைக்கும் உளிக் கருவி) அடித்ததா? பிரேக்கரைக் கழற்றி, பைப்பையும் எடுத்துவிட்டு, "மண்ணு வேலைதான் பாத்துச்சு" என்று விற்பார்கள். பூமின் பக்கவாட்டில் பைப் கிளாம்ப் மாட்டிய போல்ட் துளைகளும், பட்டையை அறுத்த தடமும் இருக்கும். கேபினில் கூடுதல் பெடல் இருந்த துளை இருக்கும். பிரேக்கர் ஓடும் வண்டியில் ஆயில் சீக்கிரம் சூடாகிக் கெடுகிறது, உளி வழியாகத் தூசி உள்ளே போகிறது, பூமும் ஆர்மும் அதிர்வைத் தாங்கியிருக்கின்றன. ஆயிலும் ஃபில்டரும் மண் வேலையைவிடப் பல மடங்கு சீக்கிரம் மாற்றப்பட்டிருக்க வேண்டும். மாற்றிய பில் இருந்தால் பிரேக்கர் வண்டியையும் தாராளமாக வாங்கலாம்.

எந்த மாடல் என்பதில் ஆளுக்கொரு பாசம் இருக்கும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: பம்பு போனால் எத்தனை நாளில் பாகம் கையில் வரும்? கவாசாகியின் கே3வி112 பம்பு ஹூண்டாய், வால்வோ, கோபெல்கோ என்று பல கம்பெனிகளின் 20 டன் வண்டிகளில் வந்திருக்கிறது. அதனால் பிஸ்டன் ஷூ, வால்வு பிளேட், சிலிண்டர் பிளாக் எல்லாம் வெளிச் சந்தையிலும் தாராளம். ஹூண்டாய் 210 வகைகள் பலவற்றில் இருக்கும் கம்மின்ஸ் 6பி வரிசை இன்ஜினுக்கு லாரி மெக்கானிக்கே கை வைப்பார். கொமாட்சுவும் டாடா ஹிட்டாச்சியும் நாட்டில் நிறைய ஓடுவதால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களிலும் பாகம் கிடைக்கும். குறைந்த எண்ணிக்கையில் வந்து போன ஒரு மாடலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், ஒரு கன்ட்ரோலருக்காக மாதம் முழுக்க வண்டி நிற்கும், தவணை நிற்காது.

பாகம் விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கம்பெனி ஒரிஜினலாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பக்கெட் பல், ரோலர், டிராக் ஷூ, பின், புஷ் போன்றவற்றில் நல்ல வெளித் தயாரிப்புகள் இருக்கின்றன. ஃபில்டரிலும் சீல் கிட்டிலும் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். போலி ஃபில்டரில் மடிப்பு குறைவாக இருக்கும், பசை விட்டுப் பிரியும், அந்தத் துணுக்கே பம்புக்குப் போகும்.

ஹோஸ் விஷயத்தில் உயிரே அடங்கியிருக்கிறது. மெயின் லைனில் நான்கு அடுக்குச் சுருள் கம்பி ஹோஸ் போட வேண்டும். ஒரு அங்குல உள்விட்டத்தில் 4எஸ்.எச். என்று அச்சடித்த வகை 380 பார் வரை வேலை செய்யும். இரண்டு அடுக்குப் பின்னல் கம்பி ஹோஸ் அதே அளவில் 165 பார்தான். வெளியே பார்க்க இரண்டும் கறுப்பு ரப்பர். அவசரத்துக்குக் கிடைத்ததை கிரிம்ப் பண்ணி மாட்டுகிற கடைகள் உண்டு. 350 பார் லைனில் அது வெடித்தால் கொதிக்கும் ஆயில் பக்கத்தில் நிற்கும் ஹெல்பர் மேல்தான் பாயும். ஹோஸின் மேல் அச்சடித்த வரியைப் படித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். வாங்கப்போகும் வண்டியிலும் ஒவ்வொரு ஹோஸையும் இப்படிப் படியுங்கள்.

ரீபில்ட் பம்பு வாங்கினால், பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் எந்தப் பிரஷரில் எத்தனை லிட்டர் வந்தது என்ற தாளைக் கேளுங்கள். பெஞ்ச் இல்லாத கடை பிரித்துச் சேர்த்துத் தருகிறது, அவ்வளவே. பம்பு உடைந்த வண்டியில் புதுப் பம்பு மாட்டுமுன் டேங்கை இறக்கிக் கழுவி, கூலரையும் லைன்களையும் ஃப்ளஷ் செய்து, எல்லா ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். செய்யாவிட்டால் பழைய பம்பின் உலோகத் துகள் சுற்றி வந்து புதுப் பம்பைச் சில நாளிலேயே தின்றுவிடும். அழுக்கினால் போன பம்புக்கு வாரன்டி கிடையாது என்று பில்லின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். ஸ்டார்ட் பண்ணுமுன் பம்பின் உறைக்குள் ஆயில் நிரப்பிக் காற்றை எடுப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வறண்டு ஓடினால் சில நிமிடமே போதும்.

காகிதத்துக்கு வருவோம். செயின் வண்டிக்கு டயர் வண்டி போல ஆர்.சி. புக் பொதுவாக இருக்காது. ஒரிஜினல் இன்வாய்ஸ், அதன்பின் கைமாறிய ஒவ்வொரு விற்பனை பில், ஃபைனான்ஸ் முடிந்ததற்கான தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) ஆகியவைதான் உரிமைக்கு ஆதாரம். என்.ஓ.சி. ஜெராக்ஸை நம்பாமல் அந்த ஃபைனான்ஸ் கிளைக்கே போய் அக்ரிமென்ட் எண்ணைச் சொல்லி உறுதி செய்யுங்கள். சேஸிஸில் அடித்த எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் ஒவ்வொரு இலக்கமாகப் பொருந்த வேண்டும். வண்டியை ஏற்றிச் செல்லும் லோ பெட் லாரியின் வாடகை யார் தலையில், ஏற்றும்போது ஏதும் ஆனால் யார் பொறுப்பு, இ-வே பில் யார் போடுவது என்பதை அட்வான்ஸ் கொடுக்குமுன் எழுதி வாங்கிவிடுங்கள்.

பேரத்தில் உட்காரும்போது கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். செயின் 770, ஸ்பிராக்கெட் இரண்டு, கீழ் ரோலர் மூன்று, ஆர்ம் சிலிண்டர் சீல், இரண்டு ஹோஸ் என்று அளந்ததை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அன்றைய கடை விலையும் கூலியும் போட்டு, அந்தத் தொகையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துச் சொல்லுங்கள். "வண்டி கொஞ்சம் பழசா இருக்கு, பாத்துப் போடுங்க" என்று கேட்டால் பத்தாயிரம் குறைப்பார்கள். செயின் அளவை டேப்போடு காட்டினால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

வண்டி கைக்கு வந்ததும் இன்ஜின் ஆயில், ஃபைனல் டிரைவ், ஸ்விங் கியர் ஆயில், எல்லா ஃபில்டர் ஆகியவற்றை மாற்றுங்கள். ஹைட்ராலிக் ஆயிலின் நிறமும் வாசனையும் சரியில்லை என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். 50 மணி நேரம் ஓடியபின் ரிட்டர்ன் ஃபில்டரை மறுபடி எடுத்து அறுத்துப் பாருங்கள். வாங்கும் அன்று எழுதிய வினாடிக் கணக்கு, செயின் அளவு, ஸ்லூ பேரிங் ரீடிங் மூன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து, 500 மணி நேரத்துக்கு ஒருமுறை அதே முறையில் அளந்து பக்கத்தில் எழுதி வாருங்கள்.